மேம்பால ஊழலும் நள்ளிரவுக் கைதும்: 2001 ஜூன் 30 நிகழ்வைத் தமிழ் ஊடகங்கள் சட்டகப்படுத்திய முறை

ஆய்வுச் சுருக்கம்

அரசியல் ஊழல் குற்றச்சாட்டு ஒன்று எழும்போது கட்சிசார் ஊடகங்களும் பொது ஊடகங்களும் அதனை எவ்வாறு பொருள்படுத்துகின்றன என்பதை 2001 ஜூன் 30 அன்று சென்னை மயிலாப்பூரில் நிகழ்ந்த மு. கருணாநிதி கைதினை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கட்சி ஊடகம் பொய் சொல்கிறது, பொது ஊடகம் மெய் சொல்கிறது என்னும் எளிய எதிர்வு இந்நிகழ்வுக்குப் பொருந்தவில்லை. நிகழ்வு எங்கே தொடங்குகிறது, அதற்கு என்ன பெயர் இடப்படுகிறது என்னும் இரண்டுமே இங்குச் சட்டகத்தை உருவாக்குகின்றன. தொகைநிலைத் தொடர், செயப்பாட்டுவினை ஆகிய தமிழ் இலக்கணக் கூறுகள் இதில் வகிக்கும் பங்கு சிறப்பாக நோக்கப்படுகிறது.

கருச்சொற்கள்: சட்டகம், கட்சிசார் ஊடகம், ஊழல், தொகைநிலைத் தொடர், செயப்பாட்டுவினை, சன் டி.வி., ஜெயா டி.வி.

முன்னுரை

2001 மே மாதத் தேர்தலில் அ.இ.அ.தி.மு.க. வென்று மே 14 அன்று ஜெ. ஜெயலலிதா முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். ஆறு வாரங்கள் சென்ற நிலையில், ஜூன் 30 சனிக்கிழமை, பின்னிரவு ஒன்றே முக்கால் மணியளவில் மயிலாப்பூர் ஆலிவர் சாலை இல்லத்தில் முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி கைதுசெய்யப்பட்டார். தி.மு.க. ஆட்சியில் சென்னை நகரில் கட்டப்பட்ட சிறு மேம்பாலங்களின் ஒப்பந்தங்களில் முறைகேடு நடந்து ஏறத்தாழ 12 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டது என்பது குற்றச்சாட்டு. சென்னை மாநகராட்சி ஆணையர் முந்தைய நாள்தான் புகார் அளித்திருந்தார். அப்போது மேயராக இருந்த மு.க. ஸ்டாலினும் வழக்கில் சேர்க்கப்பட்டார். மத்திய அமைச்சர்களான முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் அன்றே கைதாயினர்.

இந்நிகழ்வைப் பற்றி இன்று எவரிடம் கேட்டாலும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு படுக்கையறை, ஒரு படிக்கட்டு, ஓர் அலறல். பன்னிரண்டு கோடி நினைவுக்கு வருவதில்லை. பாலங்களோ நாள்தோறும் கண்முன் நிற்கின்றன. ராதாகிருஷ்ணன் சாலையிலும், டி.டி.கே. சாலை சி.பி. ராமசாமி சாலையைச் சந்திக்குமிடத்திலும், அடையாற்றிலும் அக்காலத்துப் பாலங்களின் மீது மக்கள் இன்றும் செல்கின்றனர். ஆலிவர் சாலையிலிருந்து இவற்றுள் முதலிரண்டும் மிக அருகில் உள்ளவை. குற்றச்சாட்டின் பொருள் இவ்வளவு அருகில், இவ்வளவு உறுதியாக நிற்க, அதுபற்றிய பேச்சு மட்டும் மறைந்தது எவ்வாறு என்பதே இங்கு எழும் வினா.

சட்டகம் என்னும் கருத்தாக்கம்

எர்விங் கோஃப்மன் 1974இல் வெளியிட்ட நூலில், மனிதர் ஒரு சூழலில் ‘இங்கே என்ன நடக்கிறது’ என்று தமக்குத்தாமே விடை கூறிக்கொள்ளப் பயன்படுத்தும் அமைப்பைச் சட்டகம் எனக் குறித்தார். ராபர்ட் என்ட்மன் 1993இல் எழுதிய கட்டுரை இதனை ஊடக ஆய்வுக்கு ஏற்ப வரையறுத்தது. நடப்பின் சில கூறுகளைத் தெரிந்தெடுத்து முனைப்பாக்குவதே சட்டகப்படுத்தல் என்பது அவர் கருத்து. அவ்வாறு முனைப்பாக்கும்போது சிக்கல் யாது, காரணம் யார், அறநிலைத் தீர்ப்பு என்ன, தீர்வு எது ஆகிய நான்கும் வாசகருக்குக் கிடைத்துவிடுகின்றன. சொல்லப்படாத கூறும் சட்டகத்தின் ஒரு பகுதியே என்பது இவ்வரையறையின் பயனுள்ள பகுதியாகும்.

கட்சிக்கும் ஊடகத்துக்கும் உள்ள உறவை டேனியல் ஹாலினும் பவோலோ மன்சினியும் 2004இல் ‘அரசியல் இணைமை’ என்னும் கருத்தின்கீழ் விளக்கினர். அவர்கள் ஆய்ந்தவை மேற்கு ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகள். தமிழ்நாட்டு நிலை அவர்தம் வகைப்பாட்டுக்குள் எளிதில் அடங்குவதன்று. இங்கே கட்சியும் இதழும் இணைகோடுகளாக ஓடவில்லை. பல நேரங்களில் இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டன. 1917இல் நீதிக்கட்சியினரின் ‘ஜஸ்டிஸ்’, ‘திராவிடன்’, 1935இல் தொடங்கிய ‘விடுதலை’, 1942இல் அண்ணாவின் ‘திராவிட நாடு’, அதே ஆண்டில் திருவாரூரில் துண்டறிக்கையாகப் பிறந்த ‘முரசொலி’ என நீளும் மரபு அது. முரசொலியை வாங்குபவர் தாம் எந்த இதழை வாங்குகிறோம் என்பதை அறிந்தே வாங்கினார். ‘உடன்பிறப்பே’ என்னும் விளி, அக்கடிதம் யாரை நோக்கியது, யாரை நோக்காதது என்பதை முதற்சொல்லிலேயே அறிவித்துவிடும். இத்தகைய வெளிப்படையான சார்பு வாசகரை ஏமாற்றுவதன்று. சார்பை மறைத்துக்கொள்ளும் இதழைவிட அது நேர்மையானது என்றும் வாதிட இடமுண்டு.

தொலைக்காட்சி இந்நிலையை மாற்றியது. 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டி.வி.யின் முகப்பில் கட்சிக் கொடி இல்லை. திரைப்படமும் தொடரும் பார்க்க வந்த வீட்டார் அனைவரும் அதன் செய்தியையும் பார்த்தனர். அலுவலகம் தேனாம்பேட்டையில், தி.மு.க. தலைமையகமான அண்ணா அறிவாலயத்தில் இயங்கியது என்பதைப் பார்வையாளர் அறிந்திருக்கலாம். ஆயினும் திரையில் அது தெரிவதில்லை. சென்னையில் கேபிள் விநியோகத்திலும் அக்குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் முன்னணியில் இருந்தது. கட்சி இதழ் கட்சிக்காரரிடம் பேசியது. கட்சி சார்ந்த தொலைக்காட்சி எல்லோரிடமும் பேசியது. இவ்வேறுபாடு பின்வருவனவற்றுக்கு அடிப்படையாகும்.

போயஸ் தோட்டம், 1996: பொருள்களின் காட்சி

2001 நிகழ்வைத் தனித்துக் காண்பது பிழை. 1996 டிசம்பர் 7 அன்று, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வாங்கியதில் முறைகேடு என்னும் வழக்கில் ஜெயலலிதா கைதானார். போயஸ் தோட்ட இல்லத்தில் நடந்த சோதனையின்போது எடுக்கப்பட்ட காட்சிகள் சன் டி.வி.யில் ஒளிபரப்பாயின. நகைகள், புடவைகள், காலணிகள் ஆகியன அடுக்கடுக்காகத் திரையில் விரிந்தன.

வருமானத்துக்கு மீறிய சொத்து என்பது கணக்கியல் சார்ந்த குற்றச்சாட்டு. அதனை மெய்ப்பிக்க வருவாய், செலவு, சொத்து மதிப்பீடு ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும். நீதிமன்றங்களுக்கே அதற்கு நெடுங்காலம் தேவைப்பட்டது: 2014 செப்டம்பர் 27இல் பெங்களூரு தனி நீதிமன்றத்தின் தண்டனை, 2015 மே 11இல் கருநாடக உயர்நீதிமன்றத்தின் விடுதலை, 2017 பிப்ரவரி 14இல் தண்டனையை மீட்டளித்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் காலணிகளின் வரிசையைக் கண்ட பார்வையாளருக்கு எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. பட்டியலே தீர்ப்பாயிற்று. வழக்கு இறுதியில் தண்டனையில் முடிந்தது என்பதால் அக்காட்சி சான்றாகிவிடாது. காலணிகளின் எண்ணிக்கை எந்தச் சட்டப்பிரிவின்கீழும் குற்றமன்று.

அன்று அ.இ.அ.தி.மு.க. தரப்புக்கு இதற்கு ஈடான வீச்சுடைய அலைவரிசை இல்லை. ஜெயா டி.வி. 1999 ஆகஸ்டில் வந்தது. ஆகவே 2001 ஜூனில் முதன்முறையாக இரு தரப்பும் கேமராவுடன் எதிரெதிரே நின்றன எனலாம்.

ஆலிவர் சாலை, 2001: எங்கே தொடங்குகிறது நிகழ்வு?

சன் டி.வி. அன்று காலை முதல் திரும்பத் திரும்பக் காட்டிய பதிவு, காவலர்கள் வீட்டுக்குள் இருக்கும் கட்டத்தில் தொடங்குகிறது. எழுபத்தேழு வயது முதியவர் தூக்கப்படுகிறார், இழுக்கப்படுகிறார். ‘கொல்றாங்களே’ என்னும் குரல் கேட்கிறது. முரசொலி மாறன் காவலர்களிடையே தள்ளப்படுகிறார். பின்னர் சென்னை மத்தியச் சிறையின் வாயிலில் கருணாநிதி தரையில் அமர்ந்திருக்கும் காட்சியும் சேர்ந்தது. தில்லியிலிருந்து இயங்கிய செய்தி அலைவரிசைகள் இப்பதிவைப் பெற்று நாடெங்கும் கொண்டுசென்றன.

இப்பதிவைப் பரப்புரை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் முறையன்று. அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குள் நடந்ததைப் பதிவுசெய்து முதலில் வெளியே கொண்டுவந்தது சார்புடைய அந்தக் கேமராவே. ஒரு நாள்கூட நிரம்பாத புகாரின்பேரில், ஓடி ஒளியும் வாய்ப்பற்ற ஒரு முதியவரை அந்நேரத்தில் கைதுசெய்ய வேண்டிய தேவை என்ன என்னும் வினாவை அப்பதிவே எழுப்பிற்று. கைதின்போது பின்பற்ற வேண்டிய நெறிகளை உச்சநீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே வகுத்திருந்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையமும் இந்நிகழ்வைக் கருத்தில் கொண்டது. கட்சிசார் ஊடகம் பொது நலனுக்குப் பயன்பட்ட தருணம் இது என்பதை ஏற்காமல் மேலே செல்ல இயலாது.

ஆனால் சட்டகம் பொய்யால் மட்டும் அமைவதில்லை. படுக்கையறைக் கதவில் தொடங்கும் நிகழ்வுக்கு முன்கதை கிடையாது. காவலர்கள் ஏன் வந்தனர் என்பதைக் காட்சி கூறுவதில்லை, கூறவும் இயலாது. ஒப்பந்தப்புள்ளியையும் கட்டுமானச் செலவையும் கேமரா காட்டாது. என்ட்மன் கூறும் நான்கு கூறுகளும் அந்தச் சில நிமிடங்களிலேயே நிறைவுபெறுகின்றன: சிக்கல் வன்முறை, காரணம் ஆட்சியாளர், தீர்ப்பு கொடுமை, தீர்வு விடுதலை.

இதற்கு எதிர்த்தரப்பு செய்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பின்னர் ஜெயா டி.வி.யில் காவல் துறை தரப்பின் பதிவு ஒளிபரப்பப்பட்டது. மத்திய அமைச்சர்களும் கட்சியினரும் காவலர்களைத் தடுத்துத் தாக்கினர் என விளக்கும் பகுதிகள் அதில் முன்னிறுத்தப்பட்டன. சன் டி.வி.யின் பதிவு தேவைக்கேற்ப வெட்டி ஒட்டப்பட்டது என்னும் வாதமும், கைதானவர் திரைப்பட வசனகர்த்தா என்பதை நினைவூட்டும் ‘நாடகம்’ என்னும் சொல்லும் அரசியல் மேடைகளில் உலவின. ஒரு காட்சிக்கு மறுகாட்சி வந்தது. ஒரு தொடக்கப்புள்ளிக்கு மற்றொரு தொடக்கப்புள்ளி வந்தது.

இங்கே அரசுத் தரப்பு இழந்தது பெரிது. ‘யார் யாரை அடித்தது’ என்னும் வினா சன் டி.வி. எழுப்பியது. ஜெயா டி.வி. அதற்கு வேறு விடையைச் சொன்னது, வினாவை மாற்றவில்லை. தன் அரசு தொடுத்த வழக்கின் வினாவான ‘பாலங்களில் பணம் இழக்கப்பட்டதா’ என்பதை ஆளுங்கட்சியின் அலைவரிசையே பின்னுக்குத் தள்ளியது. மறுப்பு என்பது மறுக்கப்படும் சட்டகத்துக்குள் நின்றே பேச வேண்டியிருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தமிழ் ஊடக வரலாற்றில் அரிது.

இரு தொகைகள்

காட்சிகள் மறைந்தபின் பெயர்கள் நிற்கின்றன. இந்நிகழ்வுக்கு இரு பெயர்கள் வழங்கின: ‘மேம்பால ஊழல்’, ‘நள்ளிரவுக் கைது’. இரண்டும் தொகைநிலைத் தொடர்கள். தொகையின் இயல்பு சொற்களுக்கிடையே உள்ள உறவை மறைத்து நிற்பது. உரையாசிரியர்கள் அதனை விரித்துக் காட்டிப் பொருள்கொள்வர். செய்தி வாசகர் விரிப்பதில்லை.

‘மேம்பால ஊழல்’ என்பதை விரித்தால் ‘மேம்பாலம் கட்டியதில் நடந்ததாகக் குற்றஞ்சாட்டப்படும் ஊழல்’ என்று வரும். தொகையாகும்போது மறைவது உருபு மட்டுமன்று. ‘குற்றஞ்சாட்டப்படும்’ என்னும் ஐயநிலையும் மறைந்துவிடுகிறது. ஊழல் நடந்தது என்பது முன்முடிவாகத் தொகைக்குள் அமர்ந்துகொள்கிறது. ‘மேம்பால ஊழல் வழக்கில் கருணாநிதி கைது’ என்று ஒருவர் எழுதினால், வழக்கு என்னும் சொல் இருப்பதால் நடுநிலை காத்ததாகவே அவர் எண்ணுவார். உண்மையில் ஊழல் அங்கே ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டுவிட்டது. தலைப்புக்கு இடம் குறைவு என்பதால் எல்லா நாளிதழ்களும் தொகையையே நாடுகின்றன. ஆகவே இச்சாய்வு பக்கச்சார்பினால் வருவதன்று. பத்தியின் அகலத்தால் வருவது.

‘ஊழல்’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. ஊழ்த்தல் என்பதற்கு முதிர்தல், பதனழிதல் என்னும் பொருள்கள் உண்டு. அழுகல் என்பது ஒரு நிலை. அதில் செய்தவர் இல்லை, செய்யப்பட்ட நாள் இல்லை, தொகை இல்லை. ‘முறைகேடு’ என்றால் எந்த முறை கெட்டது என்று கேட்கலாம். ‘இழப்பு’ என்றால் எவ்வளவு, யாருக்கு என்று கேட்கலாம். ‘கையூட்டு’ என்றால் கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் வேண்டும். ‘ஊழல்’ இவற்றுள் எதையும் கேட்கவிடாது. குற்றஞ்சாட்டுவோர்க்கும் மறுப்போர்க்கும் அச்சொல் ஒருங்கே ஏற்புடையதாக இருப்பதன் காரணம் இதுவாகலாம்.

‘நள்ளிரவுக் கைது’ வேறு வகையில் இயங்குகிறது. இதில் காலம் அடையாகிறது. கைதின் காரணம் இடம்பெறவில்லை. சிறுபொழுதுப் பகுப்பின்படி ஒன்றே முக்கால் மணி யாமத்துள் அடங்கும் என்பதால் ‘நள்ளிரவு’ பிழையன்று. கால் மணி நேரம் தாழ்ந்திருந்தால் அது வைகறை. அதே நேரத்தை ‘அதிகாலை’ என்று எழுதுவதும் நாளிதழ் வழக்கே. ஆனால் அதிகாலைக் கைது என்பது கடமையுணர்வு மிக்க காவலரைக் குறிக்கும். நள்ளிரவுக் கைது அச்சத்தைக் குறிக்கும். நெருக்கடி நிலைக் காலத்தின் கைதுகளை நினைவிற்கொண்ட தலைமுறைக்கு அச்சொல் கூடுதல் சுமை கொண்டது.

பெயர்த்தொகையோடு வினைமுற்றும் சேர்ந்தே சட்டகத்தை நிறைவுசெய்கிறது. பின்வரும் தொடர்கள் எவ்விதழிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. வேறுபாட்டைக் காட்ட அமைத்துக்கொண்டவை.

‘போலீசார் கருணாநிதியைக் கைதுசெய்தனர்.’
‘கலைஞர் இழுத்துச் செல்லப்பட்டார்.’
‘கைதின்போது தள்ளுமுள்ளு ஏற்பட்டது.’

முதல் தொடர் செய்வினை. எழுவாய் காவல் துறை. அதற்கு ஆணையிட்டவர் தொடரில் இல்லை. இரண்டாவது செயப்பாட்டுவினை. இங்கே செய்தவர் மறைந்தாலும் அம்மறைவு அவரைக் காப்பதில்லை. மாறாக, துன்புற்றவரை மேடையின் நடுவில் நிறுத்துகிறது. ‘கலைஞர்’ என்னும் பட்டப்பெயரும் ‘இழுத்து’ என்னும் வினையெச்சமும் சேரும்போது, செய்தவர் யார் என்பதைச் சொல்லாமலே கேட்போர் நிரப்பிக்கொள்வர். செயப்பாட்டுவினை பொறுப்பை மறைக்கும் கருவி என்று மேலை மொழியியல் நூல்கள் சொல்வதை அப்படியே தமிழுக்குக் கொணர்வது பொருந்தாது என்பதற்கு இத்தொடர் சான்று.

பொறுப்பை முற்றிலும் கரைப்பது மூன்றாவது தொடரே. ‘ஏற்பட்டது’ என்னும் வினைக்குத் தள்ளுமுள்ளே எழுவாய். தள்ளியவரும் இல்லை, தள்ளப்பட்டவரும் இல்லை. செயப்படுபொருளைத் தானே செய்தது போலக் கூறுவதும் வழக்கில் உண்டு என்று தொல்காப்பியர் சொல்லதிகார வினையியலில் அமைதி கூறுவார். திண்ணை தானே மெழுகிக்கொண்டது போலக் கூறும் அவ்வழக்கு, வீட்டில் மெழுகியவர் யார் என்பது எல்லார்க்கும் தெரிந்த சூழலில் எழுந்தது. நாளிதழில் ‘பரபரப்பு ஏற்பட்டது’, ‘மோதல் ஏற்பட்டது’, ‘இழப்பு ஏற்பட்டது’ என்பன அதற்கு உறவுடையவை போலத் தோன்றினும் பயன் வேறு. இங்கே செய்தவர் யார் என்பதே தெரிய வேண்டிய செய்தி.

பொது ஊடகம் கண்ட மூன்றாவது நிகழ்வு

கட்சி சாராத நாளிதழ்கள், ஆங்கில இதழ்கள், தேசிய அலைவரிசைகள் ஆகியன இரு பதிவுகளுக்கும் இடையே நின்று உண்மையைத் தேடின என்று கூற இயலுமா? ஓரளவு இயலும். கைது நெறிகள், மருத்துவ உதவி, செய்தியாளர் மீதான காவல் துறை நடவடிக்கை ஆகியவை பற்றிய வினாக்களை அவை எழுப்பின. ஆனால் ஓரிரு நாளிலேயே அவற்றின் பார்வை வேறிடம் சென்றது. ஜூலை 1 அன்று ஆளுநர் பாத்திமா பீவியைத் திரும்பப் பெறப் பரிந்துரைக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அவர் பதவி விலகினார். வாஜ்பாய் அரசில் தி.மு.க. அங்கம் வகித்தமையால் 356ஆம் பிரிவு பாயுமா என்பது பெருவினாவாயிற்று. மத்திய–மாநில உறவு, கூட்டணிக் கணக்கு, ஜெயலலிதா முதலமைச்சராகத் தொடர்வதன் சட்டத் தகுதி எனச் செய்தி விரிந்தது. அவரது பதவியேற்பு செல்லாது என உச்சநீதிமன்றம் செப்டம்பர் 21 அன்று தீர்ப்பளித்தபோது ஜூன் மாதத்து மேம்பாலங்கள் வெகு தொலைவில் இருந்தன.

இவையெல்லாம் செய்திகளே, வெளியிடத் தக்கவையே. ஆயினும் இவற்றின் தொடக்கப்புள்ளி ஆளுநர் மாளிகையும் தில்லியும். கட்சிக் கேமராக்கள் ஒருவர் உடலில் நிலைகுத்தி நின்றன. பொது ஊடகம் அதிகாரச் சதுரங்கத்தில் நிலைகுத்தி நின்றது. ‘அடுத்து யார் வெல்வார்’ என்னும் சட்டகம் நடுநிலை போலத் தோன்றுவது, அதில் இரு கட்சிகளுக்கும் சம இடம் உண்டு என்பதால். பாலத்துக்கு அதில் இடமில்லை.

ஜூலை 4 அன்று கருணாநிதி விடுவிக்கப்பட்டார். மேம்பால வழக்கு எவருக்கும் தண்டனையளித்து முடியவில்லை. குற்றச்சாட்டு மெய்யாயின் பொதுமக்கள் பணம் போயிற்று. பொய்யாயின் அரசு அதிகாரம் பழிவாங்கப் பயன்பட்டது. இரண்டில் ஒன்று நிகழ்ந்திருக்க வேண்டும். எது என்பதை ஒப்பந்தத் தாள்களை விரித்து வைத்து வாசகருக்கு விளக்கும் பணி, நாள்தோறும் அப்பாலங்களில் சென்றுவந்த செய்தியாளர்களின் கண்முன்னேயே கிடந்தது.

எண் சட்டகமாகும்போது

காட்சி கிடைக்காத இடத்தில் எண் அவ்விடத்தைப் பிடிக்கிறது. 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை ஒதுக்கீட்டில் 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை உத்தேச இழப்பு எனக் கணித்தது. தமிழ்ப் பொதுப்பேச்சில் ‘உத்தேச’ உதிர்ந்தது, ‘இழப்பு’ ஊழலாயிற்று, ‘1.76 லட்சம் கோடி ஊழல்’ என்னும் தொகை நிலைபெற்றது. இழக்கப்பட்ட வருவாயும் கைமாறிய பணமும் ஒன்றல்ல என்னும் விளக்கம் தி.மு.க. தரப்பிலிருந்து வந்ததனாலேயே சார்புடையது எனத் தள்ளப்பட்டது. மறுபுறம், 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களை உச்சநீதிமன்றம் நீக்கியதையும், 2017 டிசம்பர் 21 அன்று தனி நீதிமன்றம் அனைவரையும் விடுவித்ததையும் ஒருங்கே வைத்து விளக்கும் எழுத்து இருதரப்பு இதழ்களிலும் இல்லை. முன்னது ஒரு தரப்புக்கும் பின்னது மறுதரப்புக்கும் உரியனவாயின. இவ்வழக்கில் 200 கோடி ரூபாய் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவனம், 2007இல் தொடங்கிய கலைஞர் தொலைக்காட்சி. செய்தி சொல்லும் நிறுவனமே செய்தியின் பொருளான நிலை அது. அங்கே சட்டகம் பற்றிப் பேசவே தேவையில்லை.

கிரீன்வேஸ் சாலை, 2023

2023 ஜூன் 14 அன்று அதிகாலை அமைச்சர் வி. செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை கைதுசெய்தது. முந்தைய நாள் முழுவதும் கிரீன்வேஸ் சாலை அரசு இல்லத்தில் சோதனை நடந்திருந்தது. வழக்கின் வேர் அவர் அ.இ.அ.தி.மு.க. ஆட்சியில் போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்த 2011–15 காலத்தைச் சேர்ந்தது. போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் பெறப்பட்டதென்பது குற்றச்சாட்டு. காரில் அவர் வலியால் அழும் காட்சியும் ஓமந்தூரார் அரசு மருத்துவமனை வாயிலும் அன்று எல்லா அலைவரிசைகளிலும் ஓடின. ஒருதரப்புக்கு அது மனித உரிமை மீறல், மறுதரப்புக்கு நாடகம். இரு சொற்களும் 2001இல் பயன்பட்டவையே.

ஒரு வேறுபாடு உண்டு. 2001இல் இருதரப்பும் தத்தம் கேமராவைக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2023இல் காட்சி ஒன்றே; அதன்மேல் ஒட்டப்பட்ட சொற்கள் மட்டுமே இரண்டு. இன்னொன்று, கட்சி மாறியபோது சட்டகமும் கை மாறியது. முன்பு அக்குற்றச்சாட்டை மேடைகளில் எழுப்பிய கட்சி இப்போது அவரைக் காத்தது. அக்காலத்தில் ஆட்சியிலிருந்த கட்சி இப்போது குற்றஞ்சாட்டியது. உச்சநீதிமன்றம் 2024 செப்டம்பர் 26 அன்று பிணை வழங்கியபோது, வழக்கு விசாரணை விரைவில் முடியும் வாய்ப்பின்மையும் அதற்குக் காரணமாயிற்று.

மேம்பால வழக்கில் இழப்புக்கு முகமில்லை. மாநகராட்சியின் கணக்கில் 12 கோடி என்பது எவருடைய தனிப்பணமும் அன்று. போக்குவரத்துக் கழக வழக்கு அவ்வாறானதன்று. ஓட்டுநர், நடத்துநர் வேலைக்காகப் பணம் கொடுத்ததாகக் கூறுவோர் அதில் உள்ளனர். கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது, யாரிடம் கடன் வாங்கப்பட்டது, வேலை கிடைக்காதபோது அக்குடும்பங்கள் என்ன செய்தன என்பனவற்றைக் கேட்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜூன் 14 அன்று மருத்துவமனை வாயிலில் நின்ற ஒலிவாங்கிகளுள் ஒன்றேனும் அவர்களை நோக்கித் திருப்பப்பட்டிருந்தால், ‘வேலைக்குப் பணம்’ என்னும் தொகை விரிந்து, அதனுள் மறைந்து நிற்கும் கொடுத்தவரும் வாங்கியவரும் தத்தம் வேற்றுமை உருபுகளோடு வெளிப்பட்டிருப்பர்.